கூலிக்காரன் எடுத்த சேலை

ஆம்பூர்,
ரக்தாட்சி வருஷம், ஆவணி 12

நேட்டால் தேசம் டர்பன் பட்டணத்தில் கடை வைத்துப் பெரிய மனிதராக விளங்கும் மகாராஜராஜஸ்ரீ அருணகிரி அவர்கள் சமுகத்துக்கு, கூடப்பிறந்த பாவத்துக்காக அக்காள் தனகோடி எழுதிக்கொள்வது. இவ்விடம் நாங்கள் நலம். அவ்விடத்து நலம் கேட்கிற மனம் இன்றைக்கு எனக்கில்லை.

சிவப்புப் பசு கிடாரிக் கன்று போட்டது. கூரை மாற்றியாயிற்று. இதெல்லாம் கடைக்காரருக்கு எதற்கு?

பேரணாம்பட்டு அப்துல் கஃபார் சாயபு தோல் வியாபாரமாக உங்கள் ஊருக்கு வந்தாரே, திரும்பிவிட்டார். உன் மகள் அமிர்தவள்ளிக்கு நான் கொடுத்தனுப்பிய சேலையையும் திருப்பிக் கொண்டுவந்தார். மடிப்புக்கூடக் கலையவில்லை. “உங்க தம்பி வாங்கமாட்டேன்னுட்டாரும்மா. கூலி வூட்டுக்குப் பொண்ணு குடுக்கமாட்டேன்னு சொல்லச் சொன்னாரு” என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. “ஆமா சாயபு, கூலிதான். சனிக்கிழமையானா எம்புள்ள வடமலை தோல் கிடங்குல கூலி வாங்கியாந்து எங்கையில குடுக்கறான். இந்தச் சேலையே அதுல எடுத்ததுதான்” என்று பெருமையாகச் சொன்னேன். அந்த மனிதர் முகம் வாடிப்போயிற்று. பிறகுதான் விளக்கினார். அங்கே அது வேலைக்கு வாங்குகிற சம்பளத்தின் பெயர் இல்லையாம், வசவாம். வெள்ளைக்காரன் நம் ஜனங்கள் அத்தனை பேரையும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் காறித் துப்புவானாம். கப்பல் கப்பலாகத் தோல் அனுப்புகிற கஃபார் சாயபுவையே அப்படிக் கூப்பிட்டு நடைபாதையை விட்டு இறக்கினானாம்.

நீ கரும்புத் தோட்டத்து ஒப்பந்தம் முடிந்து ஒரே ஒரு தடவை ஊருக்கு வந்தது நினைவிருக்கிறதா? உன் மடியில் உட்காரவைத்து வடமலைக்குக் காது குத்தினோம். அன்றைக்குச் சோற்றில் கைவைத்தபடி அழுதாய். “நம்ம அப்பா சாயந்தரமானா மடியில முடிஞ்சி எடுத்தாருவாரே அக்கா, அந்தக் கூலி. அதச் சொல்லியே என்னை உதைக்கறானுங்க” என்றாய். அது வசவென்று விளங்காமலே நானும் உன்னோடு அழுதேன். எனக்குப் பெண் பிறந்தால் இவனுக்குத்தான் என்று நீ வாக்குக் கொடுத்ததும் அன்றுதான்.

எங்கள் கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறுகிற ஆட்டுத்தோலுக்குக்கூட ரோமம் இவ்வளவு சுத்தமாக உதிராது. நீ பட்ட அடியெல்லாம் உனக்கு உதிர்ந்துவிட்டது. வெள்ளைக்காரனுக்கு நம் பாஷை தெரியாது, எதையோ பேசினான். உனக்குத் தெரியுமே. தெரிந்தும் அவன் எச்சிலைப் பொறுக்கிவந்து என் பிள்ளைமேல் துப்புகிறாய். தூ! இதை எழுதமாட்டேன் என்றார் கடிதம் எழுதுகிறவர். கட்டாயப்படுத்தி எழுத வைத்தேன்.

வடமலைக்கு இன்னும் தெரியாது. குடியாத்தத்திலிருந்து வந்த நல்ல சம்பந்தத்தையும் வேண்டாம் என்றவன். “மாமா இன்னா சொல்லி அனுப்புனாரு?” என்று தினமும் கேட்கிறான். சாயபு இன்னும் வரவில்லை என்று பொய் சொல்லிவருகிறேன். போன சனிக்கிழமை வழக்கம்போல வந்து, “இந்தாம்மா கூலி” என்று நீட்டினான். யாரோ என் பிள்ளையை ஏசியதுபோலத் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டேன். பிறந்தது முதல் கேட்ட சொல். அதை என் காதுக்கும் கெடுத்துவிட்டாய். உன்னை நான் மன்னிக்கப் போவதில்லை.

சேலையை மறுபடியும் அனுப்புகிறேன். பெண்ணைக் கொடு, கொடுக்காமல் போ. சேலையை மட்டும் அமிர்தவள்ளி கையில் கொடு. யார் எடுத்தது என்று கேட்பாள். அத்தை மகன் கூலிக்குப் போய் எடுத்தான் என்று சொல். நம் வீட்டில் சொல்கிற மாதிரி சொல். அப்போது அவள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்து எனக்கு எழுது. அவள் முகம் சுளித்தால், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று வடமலைக்கு நானே சொல்லிவிடுகிறேன்.

நான் பார்க்காத அந்தக் குழந்தை எங்கிருந்தாலும் குறைவில்லாமல் வாழட்டும்.

இப்படிக்கு,
கூலிக்காரர் மகள்
தனகோடி