மூலையில் இருந்த நிழல்

1994 பிப்ரவரி 11, வெள்ளி, ஏற்காடு

பள்ளிக்கூடக் கண்காட்சியில் இன்று என் பேத்தி வளர்மதி கம்ப்யூட்டரில் போட்ட படத்தை வைத்திருந்தார்கள். எஸ்டேட் களத்தில் நான் காப்பிக்கொட்டை பொறுக்கும் படம். வீட்டுச் சுவரில் இருக்கும் போட்டோவைப் பார்த்து, சின்னச் சின்னக் கட்டங்களாக நிறம் நிரப்பியிருக்கிறாள். கிட்டப் போனால் வெறும் கட்டம். தள்ளி நின்றால் என் மூக்குத்திகூடத் தெரிகிறது. கீழே அவள் பேர். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த போட்டோவை எடுத்த ஸ்டூடியோக்காரர் தங்கராசும் வந்திருந்தார். “ஏனுங்கம்மா, என் பேரையும் ஒரு ஓரமாப் போட்டிருக்கலாமுங்களே?” என்றார்.

“மூஞ்சி என்னுது. படம் போட்டது என் பேத்தி. உங்களுது இதுல என்னங்க இருக்குது?” என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

அவர் படத்தின் மூலையைக் காட்டினார். “என் நெழல் இருக்குதுங்க.”

வெயிலைப் பின்னால் வைத்து எடுத்தவரின் நிழல் என் காலடியில் விழுந்திருக்கிறது. தினமும் பார்க்கிற போட்டோ, நான் கவனித்ததே இல்லை. வளர்மதியும் அது என்னவென்று தெரியாமலே கறுப்பை நிரப்பியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். “படம் சேலத்துப் போட்டிக்குப் போறதுக்குள்ள அவரு பேரைப் போட்டுரு கண்ணு.”

“எடமே இல்லை அப்பத்தா. அந்த நெழல அழிச்சாத்தான் உண்டு.”

“அதை மட்டும் அழிச்சுராத சாமி.”

கொஞ்சம் யோசித்தாள். “அப்ப நெழலுக்குள்ளயே வெள்ளையில எழுதிடறேன்.”

காலையில் முதல் வேலையாக எழுதிவிடுவாள். ஆனால் அத்தனை பேர் முன்னால் நான் கேட்டது அப்படியே இருக்கிறது. நானும் நாளை ஸ்டூடியோ வரைக்கும் போய், நான் பேசினது தப்பு என்று அவரிடம் சொல்லிவிட்டு வர வேண்டும்.