எழுபத்தொரு கிராம்

மார்ச் 3, செவ்வாய்

மணிக்கட்டின் மாவுக்கட்டைப் பிரித்துப் பத்து நாள் ஆகிறது. இன்று பில்லியர்ட்ஸ் கிளப்பில் பேக்கரிக்காரரோடு எட்டுப் பந்து ஆடினேன். தோற்றேன். தோற்பது புதிதில்லை, தோற்ற விதம்தான் உறுத்துகிறது. வெள்ளைப் பந்து முக்கால் தூரம் போய் நின்றுவிடுகிறது. ஓங்கி அடித்தால் கோணலாக ஓடுகிறது.

ஸ்டிக்கில் ஏதோ சரியில்லை என்று சொல்லித் தொலைத்தேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் பேக்கரிக்காரர். எல்லோரும் சிரித்தார்கள், என் வீட்டுக்காரர் உட்பட. அவர்தான் எங்கள் அணியின் கேப்டன்.

வண்டியில் வரும்போது மெதுவாக விஷயத்துக்கு வந்தார். இருபத்திரண்டாம் தேதி அடுத்த கிளப்போடு போட்டி. அதற்கு என்னை ரிசர்வில் போடப் போகிறாராம். ஆறு வாரம் கட்டுப் போட்ட கையாம். பதினோரு வருஷமாக அணியில் ஆடும் ஐந்து பேரில் ஒருத்தி நான். சாப்பிடாமல் படுத்துவிடலாம் என்று நினைத்தேன். அப்புறம், நான் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? நன்றாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 4, புதன்

தண்ணீர் நிறைந்த பக்கெட்டை வலது கையால் மாடி வரைக்கும் தூக்கிப் பார்த்தேன். தூக்க முடிகிறது. பிறகு ஏன்?

மார்ச் 5, வியாழன்

ஸ்டிக்கை வேலைக்கு எடுத்துப் போனேன். பல் செட் செய்யும் லேபில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். பவுடரும் உலோகமும் நிறுத்து நிறுத்து என் கைக்கு எடை தெரியும். ஆனாலும் இத்தனை நாள் கையைத்தான் சந்தேகப்பட்டேன், பார்.

ஸ்டிக்கை இரண்டாகக் கழற்றி, தராசில் தனித்தனியாக வைத்தேன். மொத்தம் 496 கிராம். வாங்கிய அன்று இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தது 567. மறுபடி பூட்டி, விரல் மேல் படுக்க வைத்தேன். முன்பு அடியிலிருந்து நாற்பத்தேழு சென்டிமீட்டரில் ஆடாமல் நிற்கும். இப்போது ஐம்பத்து மூன்றில் நிற்கிறது.

அடி ரப்பரைப் பிடுங்கினேன். உள்ளே எடைக்காகப் போட்டிருக்கும் போல்ட் இல்லை. வெறும் ஓட்டை.

கூடம் கோணல்தான்.

மார்ச் 5, மறுபடியும்

கேட்டேன். என் வீட்டுக்காரர் மறைக்கவில்லை. குளியலறைக்குப் போய் ஷேவிங் டப்பாவிலிருந்து அந்த போல்ட்டை எடுத்து வந்து மேசை மேல் வைத்தார். எனக்குக் கட்டுப் போட்டிருந்தபோதே கழற்றியிருக்கிறார்.

"உன் கைக்கு லேசா இருக்கட்டும்னுதான் எடுத்தேன். சொன்னா நீ விடமாட்டே."

"விடமாட்டேன்னு தெரிஞ்சுதானே சொல்லாம எடுத்தீங்க?"

அக்கறையாம்! என்ன அக்கறை இது? பத்து நாளா என் கையை நானே திட்டிக்கிட்டிருந்தேன். அத்தனை பேர் சிரிச்சப்போ கூடச் சேர்ந்து சிரிச்சாரே, அப்பவாவது வாயத் தெறந்து சொல்லியிருக்கலாம்ல? ரிசர்வாம் ரிசர்வு. பாக்கலாம்.

மார்ச் 8, ஞாயிறு

போல்ட்டைப் பழையபடி பூட்டி இரண்டு மணி நேரம் ஆடினேன். பந்து சொன்ன இடத்துக்குப் போகிறது. ஆனால் மணிக்கட்டு விண்விண்ணென்று தெறிக்கிறது. அடிப்பக்கத்தின் கனம் முழுக்கக் கையில்தான் இறங்குகிறது. ஆக, அவர் சொன்னதில் பாதி நிஜம். அதுதான் இன்னும் எரிச்சல்.

அவரிடம் சொல்லவில்லை. ஐஸ் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், இடது கையால். எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கிறது.

பழைய எடையும் வேண்டாம், அவர் வைத்த எடையும் வேண்டாம். எனக்கானதை நானே வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 10, செவ்வாய்

மதிய இடைவேளையில் லேப் மெஷினில் போல்ட்டைச் சரிபாதியாக வெட்டினேன். பாதியை உள்ளே முறுக்கினேன். கைப்பிடிக்கு மேலே, இரண்டு துண்டும் சேரும் இடத்துக்குக் கீழே, இருபது கிராம் ஈயப் பட்டையைச் சுற்றி மேலே கறுப்பு டேப் ஒட்டினேன். அடியில் குறைத்ததைக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோய் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். பட்டையைத் துளித்துளியாக நகர்த்தி, ஐம்பதரை சென்டிமீட்டரில் நிற்க வைத்தேன். அழகாக நின்றது.

மார்ச் 11, புதன்

அழகாவது ஒன்றாவது. கிளப்பில் மறுபடி அடிப்பக்கம் கனக்கிறது. அளந்தால் நாற்பத்தொன்பது. ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் பார்த்தேன்: நேற்று அளந்தபோது அடி ரப்பர் என் ஏப்ரன் பையில் இருந்திருக்கிறது! பதினான்கு கிராம் ரப்பர். பல் செட்டில் இப்படிச் செய்திருந்தால் ஒருவர் வாயை மூட முடியாமல் அலைந்திருப்பார்.

போல்ட்டில் இன்னும் கொஞ்சம் அறுத்து எடுத்தேன். இப்போது ரப்பரோடு ஐம்பதரை. மூன்று மணி நேரம் ஆடினேன். வலி இல்லை. பந்து போகிறது. வலி இல்லை என்று இன்னொரு தடவை எழுதிக்கொள்கிறேன்.

மார்ச் 14, சனி

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. பட்டியல் ஒட்டுவதற்கு முன்னால், ரிசர்வில் இருப்பவர் ஐவரில் ஒருவரை ஒரு தடவை சவாலுக்கு அழைக்கலாம். ஸ்டிக் நுனியில் தேய்க்கும் நீல சாக்கால் பலகையில் எழுத வேண்டும். ஜெயித்தால் அந்த இடம் நமக்கு.

நான் சாக்கை எடுத்ததுமே பேக்கரிக்காரரின் முகம் வெளுத்துவிட்டது. கிளப் கணக்கு வழக்கைப் பார்க்கும் என் நாத்தனார் கண்ணாலேயே பேக்கரிக்காரரைக் காட்டினாள். நான் 'கேப்டன்' என்று எழுதினேன்.

"அண்ணி, வீட்டுக்குப் போகணுமே, யோசிச்சீங்களா?" என்றாள்.

"வீடு என் பேர்லயும்தான் இருக்கு" என்றேன்.

மார்ச் 15, ஞாயிறு

மூன்று ஆட்டம் ஜெயிக்க வேண்டும். இரண்டுக்கு இரண்டு. கடைசி ஆட்டத்தில் எனக்குக் கறுப்புப் பந்து மட்டும் மிச்சம், அதுவும் மேசையின் அந்தக் கோடியில். வெள்ளை இந்தக் கோடியில். பத்து நாளாக முக்கால் தூரத்தில் செத்துப்போன அதே அடி. குனிந்தபோது பயமாகத்தான் இருந்தது. ஓங்கவில்லை. ஸ்டிக்கைப் போகவிட்டேன்.

கறுப்பு விழுந்தது. பேக்கரிக்காரர் முதலில் கை தட்டினார். அவர் இடம் பிழைத்ததே!

வண்டியில் வீடு திரும்பினோம். இன்று ஓட்டியது நான்.

மார்ச் 18, புதன்

பட்டியல் ஒட்டியாயிற்று, அவர் கையெழுத்தில். ஐந்தாவதாக என் பெயர். கீழே கோடு போட்டு, 'ரிசர்வ்' என்று எழுதி, அவர் பெயர். கோணல் இல்லாமல் எழுதியிருந்தார்.

சாப்பிட்ட பிறகு அவருடைய ஸ்டிக்கைக் கொண்டுவந்து என் முன்னால் மேசையில் வைத்தார். கொஞ்ச நாளாகத் தோள்பட்டை இழுக்கிறதாம். என்னிடம் சொல்லவில்லை, பார்.

"எடை பாத்துத் தர்றியா?"

போல்ட் கழற்றும் ஆலன் கீ கையிலேயே இருந்தது. ஸ்டிக்கைத் தொடவில்லை.

"கழட்டட்டுமா?" என்று கேட்டேன்.

ஸ்டிக்கை என் பக்கம் நகர்த்தினார். அப்புறம், "அன்னிக்கு நானும் கேட்டிருக்கணும்" என்றார்.

அடி ரப்பரைக் கழற்றி, மறக்காமல் தராசுப் பக்கத்திலேயே வைத்தேன்.