மாடிப்படிக்குக் கீழே பத்து நிமிடம்

அன்பு மகளுக்கு,

எல்லாரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை, நானும் நான்கு வருடமாக அப்படித்தான் பொய் எழுதிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை நிஜமாகவே நலம். மருந்துக்கடை வேலையில் உன் அம்மாவுக்கு ஒருவழியாக உட்கார நாற்காலி கொடுத்துவிட்டார்கள், முழங்கால் வலி குறைந்திருக்கிறது. கல்லூரியில் எனக்கு வர வேண்டிய துறைத் தலைவர் நாற்காலியில் இன்னமும் என்னிடம் வேதியியல் படித்தவன்தான் உட்கார்ந்திருக்கிறான், காலையில் வணக்கம் சொல்கிறான், நான் தலையை மட்டும் ஆட்டுகிறேன். உன் சின்ன மாமா போன வாரம் போன் செய்தார். குட்டியைக் கூட்டிக்கொண்டு தன் வீட்டுக் கல்யாணத்துக்கு வர வேண்டாம் என்று அவர் சொன்னதை நான் மறந்திருப்பேன் என்று நினைப்பு. நான் எடுக்கவில்லை.

எழுத வந்தது குட்டியைப் பற்றி. பழைய பள்ளியில் ஆட்டிசம் என்ற ஒரு சொல்லைக் காரணம் காட்டி உன் தங்கையை ஒரு வருடம் அலுவலக அறை மூலையில் பழைய பதிவேடுகளோடு உட்கார வைத்ததும், பிறகு மற்றப் பிள்ளைகளுக்கு இடைஞ்சல், வேறு இடம் பாருங்கள் என்று அனுப்பியதும் உனக்குத் தெரியும். அந்தத் தலைமையாசிரியையை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. இந்தப் புதுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்த்து எட்டு மாதமாகிறது. மணிச் சத்தம் அவளுக்கு ஆகாது என்பதால் அட்டெண்டர் இரண்டு நிமிடம் முன்பே ஜன்னலோரம் வந்து அவளுக்குக் கை காட்டிவிட்டுத்தான் அடிக்கப் போகிறார். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எனக்குத்தான் நன்றாக இருப்பதைப் பார்த்தாலே சந்தேகம் வருமே. போன மாதம் அவள் மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கப் போனேன். வகுப்பில் எல்லாரும் சத்தமாகப் பாடம் வாசித்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் வெளியே மாடிப்படிக்குக் கீழே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட ஒரு மஞ்சள் அட்டை வேறு. பழைய பள்ளியின் மூலைதான் இது என்று முடிவு கட்டினேன். யாரையும் எதுவும் கேட்காமல் வீட்டுக்கு வந்து பள்ளித் தாளாளருக்கு மூன்று பக்கம் எழுதினேன், கல்வி அதிகாரிக்கு ஒரு நகல். டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்புங்களேன் என்று உன் அம்மா இரண்டு தடவை சொன்னாள். கேட்டதெல்லாம் போதும் என்று சொல்லிப் பதிவுத் தபாலில் போட்டேன்.

நான்கு நாளில் கூப்பிட்டார்கள். தாளாளர், தலைமையாசிரியர், சுவரோரம் வகுப்பு டீச்சர், உன் வயதுதான் இருக்கும், அழுத முகம். அந்த டீச்சரை வேறு கிளைக்கு மாற்றுகிறோம், மாடிப்படி இடத்தைக் காலி செய்கிறோம், ஆனாலும் பிள்ளைக்கு ஏற்ற வேறு இடம் பார்ப்பதுதான் ரெண்டு பக்கமும் நல்லது என்றார் தாளாளர். மறுபடியும் அதே வார்த்தை. ஆனால் இந்தத் தடவை அதைச் சொல்ல வைத்தது நான். டீச்சர் வாதாடவில்லை. குட்டியின் பள்ளி டைரியைத் திறந்து என் முன்னால் வைத்தார். சத்தம் தாங்காதபோது அவளாகவே மஞ்சள் அட்டையை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் உட்கார ஓர் இடம், யோசனையும் விதிகளும் அவளுடையவை, யார் வேண்டுமானாலும் போகலாம், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தது. கீழே என் கையெழுத்து. அந்தப் பக்கத்தை நான் படிக்கவே இல்லை. அங்கே உட்கார்ந்தவர்கள் பெயர் எழுதும் நோட்டையும் காட்டினார். வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் இருந்தார்கள், நாய் செத்துப்போன பையன் ஒருவன் மூன்று நாள் தொடர்ந்து. நம் குட்டியின் பெயர் மொத்தம் ஒன்பது தடவைதான்.

கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். நகல் கல்வி அலுவலகம் போய்விட்டது, இனி எங்கள் கையில் இல்லை என்றார் தாளாளர். நான் குரலை உயர்த்தினேன், அவரும் உயர்த்தினார். கதவு திறந்தது. குட்டி உள்ளே வந்தாள், யாரையும் பார்க்கவில்லை, அட்டையை என் கழுத்தில் மாட்டினாள். "அப்பா ரொம்ப சத்தம். பத்து நிமிஷம்" என்றாள். அவளாக என் கையைப் பிடிப்பது எவ்வளவு அபூர்வம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மாடிப்படிக்குக் கீழே ஒரு பாய், முழங்காலைக் கட்டிக்கொண்டால்தான் நான் அதில் அடங்குவேன். நோட்டில் என் பெயரையும் நேரத்தையும் எழுதினாள். விதி விதிதான், ஏன் என்று கேட்கவில்லை. வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள், ஒருத்தரும் சிரிக்கவில்லை, அவர்களுக்கு அது சாதாரணம். அப்பா எல்லாரையும் எதிரியாவே பாக்காதீங்க என்று நீ போனில் சொன்னதற்கு ஒரு மாதம் உன்னோடு பேசாமல் இருந்தேனே, அது அங்கே ஞாபகம் வந்தது.

எழுந்து போய்த் தாளாளரிடமே ஒரு தாள் வாங்கி, தவறு என்னுடையது, படிக்காமல் கையெழுத்துப் போட்டேன், கேட்காமல் புகார் செய்தேன், இப்படி ஓர் இடம் எல்லாப் பள்ளியிலும் வேண்டும் என்று எழுதி, கல்வி அலுவலகத்துக்கு நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்படியொரு கடிதம் என் வாழ்நாளில் அதுதான் முதல். அதிகாரி வந்து பார்த்தார், பாயில் உட்கார்ந்தும் பார்த்தார். டீச்சர் அதே வகுப்பில் இருக்கிறார், குட்டியும் இருக்கிறாள், மேல் மாடியிலும் ஓர் இடம் ஒதுக்குகிறார்கள். பள்ளி மலரில் இதற்காகத் தாளாளர் படத்தைத்தான் போட்டிருக்கிறார்கள், டீச்சர் பெயர் ஒரு வரிகூட இல்லை. அதற்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் டீச்சரைக் கேட்டேன், வேண்டாம் சார் என்றார், அதனால் மேசைக்குள்ளேயே கிடக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. உனக்கு எந்தக் குறையும் வராது, நன்றாக இரு. போன் செய்வதற்கு இரண்டு நிமிடம் முன்னால் ஒரு செய்தி போட்டுவிடு, திடீரென்று அடித்தால் குட்டி எடுக்க மாட்டாள். நீ வந்தால் தர உனக்கும் ஒரு மஞ்சள் அட்டை வெட்டிக் கயிறு கோத்து வைத்திருக்கிறாள். என்னுடையது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது, வாரத்துக்கு இரண்டு தடவையாவது அவளே எடுத்து மாட்டிவிடுகிறாள்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போடும் முன் இப்போதெல்லாம் படித்துப் பார்க்கிற,
உன் அப்பா