கதவில் தொங்கிய சேலைகள்

அன்புள்ள உம்மாவுக்கு,

மெஹ்னாஸின் ஸலாம். முட்டுவலி தைலத்துக்கு அடங்கியதா? போன் இருக்கக் கடிதம் எதற்கென்று பதறாதீர்கள், சொல்கிறேன்.

கானாப் பாட்டுப் போல ஆடும் தமிழ் எழுத்துகளை வரைவதுதானே இங்கே என் வேலை? பாடகர் இழுக்கும் இடத்தில் எழுத்தின் கொம்பு நீளும், டோலக் அடிக்கும் இடத்தில் கோடு தடிக்கும். மாதிரிக்காக எண்ணூர்க் குப்பத்தில் கதவுகளில் எழுதியிருந்த பெயர்களைப் படமெடுத்தேன். மீன் விற்கும் பச்சையம்மா அக்கா கையைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னாம்மா, வூடு வூடா போட்டோ புடிச்சினு கீற? இடிக்கப் போறாங்களா?”

“எழுத்துக்குத்தான் அக்கா” என்றேன். மறுநாள் போனால் எல்லாக் கதவிலும் பெயரை மறைத்துச் சேலை தொங்குகிறது! சிரித்துவிட்டேன்.

அன்று மாலை அலுவலகத்தில் ஒவ்வொரு வீட்டையும் மேப்பில் குறித்து அனுப்பச் சொன்னார்கள். எழுத்து வரைய அது எதற்கு உம்மா? “கஸ்டமர் கேக்கறாங்க” என்கிறார்கள். எந்த கஸ்டமர் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள்.

போன் முகத்துவாரத்தில் விழுந்து படங்களெல்லாம் போய்விட்டதாகச் சொல்லியிருக்கிறேன். அது என் பெட்டிக்குள் அணைந்து கிடக்கிறது, கூப்பிடாதீர்கள்.

கொஞ்சம் மாசிக் கருவாடு அனுப்புங்கள். பார்சலுக்குள் நாலு வரி வையுங்கள். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. பேசுவது போலவே எழுதுங்கள், உம்மா.

மெஹ்னாஸ்