பிளக் ஏன் கறுக்கிறது

மார்ச் 1, ஞாயிறு

இன்றும் வீட்டுக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வந்தார். மண் தடத்தில் மூன்றாவது சுற்றிலேயே நின்றுவிட்டதாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். நனைந்துபோய், அடிப்பிடித்த சட்டி மாதிரிக் கன்னங்கரேல். இரண்டு வாரத்தில் இது மூன்றாவது பிளக்.

"உன் கார்புரேட்டர்தான் சரியில்ல" என்றார், ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற அதை டியூன் பண்ணியது நான்தானே. ஓடினால் அவர் வண்டி, நின்றால் என் கார்புரேட்டர்! பதினான்கு வருடமாக மரம் அறுக்கும் மெஷின், மருந்து தெளிப்பான், புல்வெட்டி என்று ஊரிலுள்ள டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் எல்லாம் என் பட்டறையில்தான் உயிர் பிழைக்கின்றன. கட்டிய புருஷன் வண்டி மட்டும் என் மானத்தை வாங்குகிறது.

29ஆம் தேதி பைக் பந்தயம். போன வருடம் அந்தத் தடத்தின் பெரிய இறக்கத்தில் குப்புற விழுந்து தோள் எலும்பை உடைத்துக்கொண்ட பிறகு, இவருக்கு இதுதான் முதல் பந்தயம். நடுவில் வண்டி நின்றால் பின்னால் வருகிறவன் மேலே ஏற்றிவிடுவான். அதற்குள் சரிசெய்தாக வேண்டும்.

மார்ச் 3, செவ்வாய்

ஏர் ஃபில்டரைக் கழுவினேன். பிளக்குக்குப் பொறி அனுப்பும் இக்னிஷன் காயிலும் நன்றாக இருக்கிறது. பெட்ரோலோடு கலக்கும் ஆயில் கூடிவிட்டதோ என்று கேட்டேன். மருந்துக் கடைக்காரரிடம் கேட்கிற கேள்வியா அது! சிரப் அளக்கும் குப்பியைத் தூக்கிக் காட்டினார். "லிட்டருக்கு முப்பது மில்லி. ஒரு சொட்டு கூடவும் இல்ல, கொறையவும் இல்ல." கோபத்திலும் குப்பியைத் துடைத்துத்தான் வைத்தார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

அப்படியானால் பெட்ரோல்தான் அதிகம் போகிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளைத் திருகு, மெயின் ஜெட், 178 இருந்தது. 172 போட்டேன். எண் குறையக் குறையத் துளை சின்னது, பெட்ரோலும் குறைவு.

மார்ச் 8, ஞாயிறு

மறுபடியும் கறுப்பு. இப்போது 168. பைலட் ஜெட்டையும் ஒரு அளவு குறைத்தேன்.

மார்ச் 11, புதன்

சண்டை. "வேற மெக்கானிக்கிட்ட ஒருதரம் காட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டுவிட்டார். மெதுவாகத்தான் கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "தாராளமா காட்டுங்க. அப்படியே வேற பொண்டாட்டியும் பாத்துக்குங்க!" என்றேன். சிரித்துத் தொலைத்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

இடது கை இன்னும் முழுதாக மேலே போவதில்லை. காலையில் நான்தான் சட்டைக்குள் கையை நுழைத்துவிட்டேன். சண்டை வேறு, சட்டை வேறு.

ஆனால் அந்தக் கோபத்தோடு போய் 165 போட்டேன். கோபத்தில் ஸ்பானரைத் தொடக்கூடாது என்று எனக்கு நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்?

மார்ச் 15, ஞாயிறு

நடந்ததை முதலிலிருந்து எழுதிப் பார்க்கிறேன்.

நாத்தனார் வந்திருந்தாள். இவருடைய தங்கை, வண்டியில் உட்கார்ந்தால் பேய். இவர் நாலு சுற்றுப் போய் வந்தார். வழக்கம்போலக் கறுப்பு. புது பிளக் மாட்டினேன். "அண்ணி, நான் ஒரு ரெண்டு சுத்து போயிட்டு வரேனே" என்று பிடுங்கிக்கொண்டு போனாள். ரெண்டாவது சுற்றில் எஞ்சினிலிருந்து டிக் டிக்கென்று ஒரு சத்தம். கையை ஆட்டி நிறுத்தச் சொன்னேன்.

பிளக்கைக் கழற்றினால் வெள்ளை. சாக்பீஸ் வெள்ளை. பெட்ரோல் போதாமல் எஞ்சின் கொதித்தால்தான் அப்படி வெளுக்கும். அதில் பொடிப்பொடியாக அலுமினியம். பிஸ்டன் உருக ஆரம்பித்திருக்கிறது! இன்னும் அரை சுற்று போயிருந்தால் எஞ்சின் இறுகி, பின்சக்கரம் அப்படியே நின்று, அவளைத் தூக்கி எறிந்திருக்கும்.

அதே ஜெட். அதே பெட்ரோல். அவளுக்கு வெள்ளை, இவருக்குக் கறுப்பு. எப்படி?

அப்புறம்தான் மண்டையில் ஏறியது. இவர் ஆக்சிலேட்டரை முழுதாகத் திறக்கவே இல்லை. ஒரு நாளும் திறக்கவில்லை. நான் பிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, இவர் கையைப் பார்க்கவில்லை. மெதுவாகவே ஓட்டினால் பிளக் சூடேறாது. சூடேறாவிட்டால் கறுக்கத்தான் செய்யும்.

ஐயோ, பயப்படுறாருய்யா என் மனுஷன். பயந்துக்கிட்டே வாராவாரம் போய்ட்டு வந்திருக்காரு. நான் பாட்டுக்கு ஜெட்டைக் கொறைச்சுக்கிட்டே இருந்திருக்கேன்.

மார்ச் 16, திங்கள்

ஒன்று மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை. என்றைக்கு இவருக்குத் தைரியம் வந்து முழுதாகத் திறக்கிறாரோ, அன்றைக்குத்தான் அந்த வண்டி இவரைக் கொன்றிருக்கும். என் கையால்.

பிஸ்டனைக் கழற்றித் தேய்த்தேன். பிழைத்துக்கொண்டது. மெயின் ஜெட் மறுபடி 178. வேகமாகப் போகும்போது அது வேண்டும். பைலட் ஜெட்டை மட்டும் சின்னதாகவே விட்டேன். மெதுவாகப் போகையில் பெட்ரோல் அது வழியாகத்தான் வரும். இவர் எப்படி ஓட்டினாலும் வண்டி தாங்க வேண்டும்.

இரண்டு பிளக்கையும் அவர் மூக்குக்கு நேரே நீட்டி, "இப்ப சொல்லுங்க, யார்மேல தப்பு?" என்று கேட்டிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. எதற்கு? பயத்தை அவர் சொன்னால் சொல்லட்டும். நான் கழற்றி மேஜைமேல் வைக்கிற சாமானா அது?

"நான்தான் ஜெட்டை தப்பா போட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னேன். பாதி உண்மைதானே. "பரவால்ல விடும்மா, யாருக்கும் வர்றதுதான்" என்றார் பெருந்தன்மையாக. ஸ்பானர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

மார்ச் 22, ஞாயிறு

எட்டு சுற்று. நிற்கவில்லை. கறுப்புதான், ஆனால் காய்ந்த கறுப்பு.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார், பிளக்கைப் பார்க்காமல், என்னைப் பார்த்து.

"தேவலை" என்றேன். ஏதோ சொல்ல வந்தவர் கிளவுஸைத் தட்டி மண்ணை உதறினார்.

மார்ச் 27, வெள்ளி

சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. பந்தயம் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? சொன்னால், அவர் பயம் எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் நான் எதற்கு இருக்கிறேன்?

மார்ச் 29, ஞாயிறு

புறப்படும் கோட்டில் இருபத்திரண்டு வண்டிகள். இவர் ஓரத்தில். கையை ஆட்டி என்னைக் கூப்பிட்டார். எங்கேயோ பெட்ரோல் ஒழுகுகிறது என்று நினைத்து ஓடினேன். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முகமெல்லாம் வேர்வை.

"உன் கார்புரேட்டர்ல ஒண்ணும் இல்லம்மா. எப்பவுமே இல்ல. அந்த இறக்கத்தப் பாத்தாலே கை தானா மூடிக்குது. பயமா இருக்கு."

சுற்றிலும் அத்தனை வண்டி உறுமுகிறது. எனக்கு இவர் குரல் மட்டும்தான் கேட்டது. அழுதிருப்பேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டேன்.

"மூடுனா மூடட்டுங்க. மெதுவா போங்க, நிக்காது. தொறக்கணும்னு தோணுச்சுன்னா தொறங்க, அதுக்கும் தாங்கும். ரெண்டுக்கும் சேத்துத்தான் வச்சிருக்கேன்."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார்.

"கொடி காட்டப் போறான், ஹெல்மெட்ட போடுங்க" என்றேன்.

இருபத்திரண்டாவதாக வந்தார். நாத்தனார் வேலியில் ஏறி நின்று, முதலில் வந்தவனுக்குக் கூடக் கிடைக்காத விசில் அடித்தாள். தூசிக்குள்ளிருந்து பல் மட்டும் தெரிந்தது இவருக்கு. வீடு வரும்வரை எந்தத் திருப்பத்தில் எவ்வளவு பயந்தார் என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே வந்தார்.

சாயங்காலம் வண்டியைக் கழுவினேன். பிளக்கைக் கழற்றவில்லை. எப்படி இருந்தது என்றுதான் அவரே சொல்லிவிட்டாரே.