குளிர்காற்று யார் பக்கம்

இன்று காலை கணினி அறையில் நின்றபோது பின்கழுத்தில் ஜில்லென்று காற்று பட்டது. புதிதாக மாட்டிய ஏசியிலிருந்து நேராக வந்த காற்று. வேறு யாராவது என்றால் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போயிருப்பார்கள். எனக்கு உன் ஞாபகம் வந்தது. கூடவே, இன்றைய பொழுது வீணாகப் போகிறது என்பதும் தெரிந்துவிட்டது.

நம் பழைய சர்வருக்கு வயதாகிவிட்டது. அதன் இடத்தில் ஒன்று வாங்குவதற்காக, இரண்டு கம்பெனிகள் தங்களுடைய உயர்ரகச் செயலியை, அதாவது பிராசஸரை, பூட்டிய இயந்திரங்களைப் பரீட்சைக்கு அனுப்பியிருக்கின்றன. ஒன்று என் தேர்வு. இன்னொன்று, சூளகிரியிலிருந்து ஸ்கூட்டரில் வரும், நீ பார்த்திராத புது இன்ஜினியர் பெண்ணின் தேர்வு. காலையில் முடிவு வந்தது. என்னுடையது ஜெயித்திருந்தது. அதைத் தட்டிக்கொடுக்கப் போன இடத்தில்தான் அந்தக் காற்று.

பல வருஷங்களுக்கு முன், நீயும் நானும் போட்டியிட்ட அன்றைக்கும் இரண்டு செயலிகள்தான். உருக்கிய அலுமினியம் அச்சுக்குள் எப்படி ஓடி நிரம்பும் என்பதை, அச்சு வெட்டுவதற்கு முன்பே கணினியில் ஓட்டிப் பார்க்க ஒரு தனிப் பிரிவு தொடங்கப்போவதாக இயக்குநர் அறிவித்தார். யாருடைய தேர்வு ஜெயிக்கிறதோ அவரே பிரிவின் தலைவர். சுயம்வரத்துக்கு வில் வைப்பார்கள். நம்மவர் செயலி வைத்தார்.

அந்தப் பதவி உனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். நாகரசம்பட்டி மாந்தோப்பை அண்ணனிடம் விட்டுவிட்டு ஓசூருக்கு வந்தவன் நீ. கம்பெனியில் ஒரு தலைவராகக்கூட ஆக முடியவில்லை என்றால் தோப்புக்கே திரும்பி வா என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தோப்பு நல்ல தோப்புதான். அங்கே அண்ணன்தான் தலைவர் என்பதுதான் உன் சங்கடம்.

உன் செயலியில் கோர்கள், அதாவது கணக்குப் போடும் உள்மூளைகள், ஏராளம். என்னுடையதில் எண்ணிக்கை குறைவு, ஒவ்வொன்றும் வேகம்.

“கல்யாண வேலைய நாலு பேரு செய்வாங்களா, நாப்பது பேரு செய்வாங்களா?” என்று கேட்டாய்.

“நாப்பது பேரும் ஒரே அண்டாக்குள்ள கரண்டிய விட்டா சண்டைல்லா வரும்” என்றேன்.

“வந்துட்டாருப்பா திருநெல்வேலி. ‘ல்லா’ போட்டுட்டா மிசினு பயந்துருமா?”

இரண்டு கம்பெனிக்காரர்களும் பெங்களூரிலிருந்து வேகத்தை ஒப்பிடும் வரைபடங்களோடு வந்தார்கள். அவரவர் படத்தில் அவரவர் செயலியின் கம்பம் உயரமாக நின்றது. உலகத்தில் தோற்ற செயலி என்று ஒன்று இருப்பதற்கான தடயமே அந்த அறையில் இல்லை. நீ ஒருவரிடம் கன்னடத்தில் ஏதோ கேட்டாய். அவர் சிரித்துவிட்டு லேப்டாப்பை மூடினார். என்ன கேட்டாய் என்றேன்.

“இதுல தோக்குற மிசினு ஒன்னு இருக்குமில்ல, அத்த காட்டுங்கன்னேன்.”

ஆகவே நம் சொந்த வேலையையே, ஓர் அச்சின் கணக்கை, இரண்டிலும் ஓட்டினோம். உன்னுடையது முதலில் முடித்தது. இயக்குநர் உன் கையைக் குலுக்கினார். கேண்டீனில் கேசரி கிளறினார்கள். அது ஆறுவதற்குள் செய்தி நாகரசம்பட்டிக்குப் போய்விட்டது. பெருந்தன்மையோடு தோல்வியை ஏற்கும் வாக்கியங்களை நான் மனத்துக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். நன்றாகவே வந்திருந்தன.

நீ விட்டுவந்த ஸ்வெட்டரை எடுக்கப் பரீட்சை அறைக்குப் போனாய். கொஞ்ச நேரத்தில் கதவருகே வந்து என்னைக் கூப்பிட்டாய். ஒரு கையில் கேசரித் தட்டு இன்னும் இருந்தது.

“ஏம்ப்பா, எம் மிசினுகிட்ட வந்து நில்லு. குளுருதா?”

“குளுருது.”

“இப்ப உம் மிசினுகிட்ட போய் நில்லு.”

போனேன். மூலையில் வெக்கை அடித்தது.

“பாத்தியா? என்னுது ஊட்டியில ஓடியிருக்குது. உன்னுது வேலூரு வெயில்ல ஓடியிருக்குது. சூடேறினா வேகத்தைக் கொறச்சுக்காதா அது?”

“விடுப்பா. கேசரியே தின்னாச்சு.”

“தோத்தவன் கேட்டா அழுவுறான்னுவாங்க. ஜெயிச்சவன் கேட்டாத்தான் நாயம்” என்று சொல்லிவிட்டு, தட்டை என் கையில் கொடுத்துவிட்டு இயக்குநரிடம் போனாய். இரண்டையும் இடம் மாற்றி வைத்து மறுபடி ஓட்ட வேண்டும் என்றாய்.

“ஜெயிச்சது உங்க மிஷின்தானே? அப்புறம் என்ன பிரச்சனை?” என்று அவர் கேட்டார்.

“அதான் சார் பிரச்சனை.”

நிர்வாகவியல் படித்த அவருக்கு இதற்கான பாடம் எந்தப் பருவத்திலும் வைக்கப்படவில்லை போலும். சரி என்று சொல்லிவிட்டார்.

இடம் மாற்றியதும் முடிவும் மாறியது. குளிர்ப் பக்கம் வந்த என் இயந்திரம் வெகுதூரம் முந்திவிட்டது. ஆளுக்கொரு வெற்றி, சமம் என்று வைத்துக்கொள்ளலாமே என்றார் பெங்களூர்க்காரர் ஒருவர். நீ விடவில்லை.

“நம்ம ரூமு எங்க வரப்போவுது? அலுமினியம் உருக்குற ஷெட்டுக்குப் பக்கத்துல. அங்க ஏது ஊட்டி? வெக்கையில ரெண்டும் எப்படி ஓடிச்சுன்னு மட்டும் பாருங்க.”

பார்த்தார்கள். வெக்கை மூலையில் உன்னுடையதைவிட என்னுடையது சீக்கிரம் முடித்திருந்தது. என் செயலியை வாங்கலாம் என்ற பரிந்துரையை நீயே எழுதிக் கையெழுத்துப் போட்டாய். நான் தலைவரானேன். நான் அடுக்கி வைத்திருந்த பெருந்தன்மை வாக்கியங்களில் ஒன்றைக்கூட நீ பயன்படுத்தவில்லை. “கேசரி நல்லா இருந்துச்சு” என்று மட்டும் சொன்னாய்.

ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. ஊருக்குப் போன செய்தியை யாரும் திரும்ப வாங்கவில்லை.

“எங்கூர்ல நான்தான் இன்னும் ஹெட்டு. நீ வந்தீன்னா கொஞ்சம் பணிவா நடந்துக்க” என்று எச்சரித்துத்தான் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு என்னை அழைத்துப்போனாய். நான் உன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன். உன்னைச் சார் என்றேன். பந்தியில் உட்கார்ந்த உன் பங்காளிகள் அத்தனை பேர் எதிரிலும், “திங்கக்கெழமை லேட்டா வராத” என்று என்னைக் கண்டித்தாய். அதற்கு ஒத்திகையே இருக்கவில்லை. அவ்வளவு இயல்பாக வந்தது உனக்கு.

போன மாங்காய்க் காலத்தில் நீ போனாய். உன்னை அடக்கம் செய்த தோப்பு ஓரத்தில் உன் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க எந்தம்பிக்குக் கீழ வேலை செஞ்சவரு தானுங்க?” என்று கேட்டார்.

“ஆமாங்க” என்றேன். அது பொய் என்று கம்பெனியின் பதவிப் பட்டியல் மட்டும்தான் சொல்லும். அதைச் சொன்னபோது எனக்கு இருந்த பெருமை, தலைவர் நாற்காலியில் முதல் நாள் உட்கார்ந்தபோது இல்லை.

ஆகவே இன்று காலை அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

“ரெண்டையும் இடம் மாத்தி வெச்சு இன்னொரு தடவ ஓட்டும்மா.”

“நீங்கதானே சார் ஜெயிச்சிருக்கீங்க? எனக்கே ஓகே சார்.”

“எனக்கு ஓகே இல்ல. இங்க வந்து நின்னு பாரு.”

நின்றாள். துப்பட்டாவைக் கழுத்தில் இழுத்துச் சுற்றிக்கொண்டாள். பிறகு கேபிள்களைக் கழற்ற ஆரம்பித்தாள்.

மாலையில் முடிவு வந்தது. ஒரு மாற்றமும் இல்லை. வெக்கைப் பக்கத்திலும் என்னுடையதுதான் முந்தியிருந்தது.

“பாருங்க சார், ஒன்னுமே மாறல. ஒரு நாள் வேஸ்ட்டு.”

“மாறலைன்னு இப்பத்தானம்மா தெரியும்?”

அவள் பையை எடுத்துக்கொண்டு கதவுவரை போய்த் திரும்பினாள். “இனிமே எல்லா டெஸ்ட்டுக்கும் இடம் மாத்தணுமா சார்?”

“நான் தோத்தா விட்டுரு. ஜெயிச்சா கட்டாயம் மாத்து” என்றேன்.

கேசரிக்கு நாளைதான் சொல்லியிருக்கிறேன்.