அளவு ஜாக்கெட்

2024 ஜூலை 8

கல்லூரியில் முதல் நாள். நில அளவைத் துறையில் வரைபடம் போட்டே ஓய்வு பெற்றவன் நான்; திட்டம் இல்லாமல் கை ஓடாது. எனவே இந்த நோட்டில் வரப்போவது:

1. என் மனைவி யூனிஸுக்குப் போன வருடம் இடது மார்பை எடுத்தார்கள். அதிலிருந்து இடது கை வீங்கியே இருக்கிறது. பழைய ஜாக்கெட் எதுவும் ஏறுவதில்லை. நைட்டியோடு வீட்டிலேயே இருக்கிறாள், சர்ச்சுக்கும் வருவதில்லை.
2. ஜனவரியில் எங்கள் மகள் ஜெரூஷாவுக்குக் கல்யாணம். தாய் முன்வரிசையில் உட்கார வேண்டும்.
3. ஆபரேஷனுக்குப் பிறகு யூனிஸ் தன் உடம்பை எனக்குக் காட்டுவதில்லை. எனவே அளவு ஜாக்கெட்டை வைத்தே தைக்க வேண்டும்.
4. தையல்கடைக்கு இனி அவள் போகமாட்டாள். எனவே நான் தைக்கிறேன்.
5. நான் இதற்கு லாயக்கானவனா?

ஐந்தாவதைப் பற்றித்தான் அதிகம் எழுதுவேன் என்று தோன்றுகிறது.

ஆடை வடிவமைப்பு, ஒரு வருட டிப்ளமா. ஆசிரியை சத்யப்ரியா என் மகளைவிடச் சின்னவர். நான் உள்ளே நுழைந்ததும், "சார், பேரண்ட்ஸ் எல்லாம் வெளிய வெயிட் பண்ணுங்க" என்றார். நான்தான் சுந்தர்சிங் என்றேன். வருகைப் பதிவேட்டை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை.

ஜூலை 11

நான்காவதை விளக்கியிருக்க வேண்டும். செம்பாக்கத்தில் தனம் என்ற பெண்ணிடம்தான் யூனிஸ் வெகுகாலமாகத் தைக்கக் கொடுத்தாள். தனம் கெட்டவள் இல்லை. கடையில் மற்றவர்கள் நிற்கும்போதே டேப்பைச் சுற்றிவிட்டு, "இன்னாக்கா, இந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லியே, பஞ்சு வச்சுத் தெச்சுடவா?" என்று கேட்டிருக்கிறாள். கழுத்து ஓரத்துக்குப் பைப்பிங் வைக்கவா என்று கேட்பதுபோல. யூனிஸ் துணியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

நான் படிப்பதற்கு என்ன காரணம் என்று அவளிடம் சொல்லவில்லை. பொழுது போகவில்லை என்றேன். "உங்களுக்கு பட்டனே தெக்க வராதே" என்றாள்.

ஜூலை 30

பீரோவிலிருந்து அளவு ஜாக்கெட்டை எடுத்து வந்தேன். அரக்கு நிறம். தைக்கக் கொடுக்கும்போதெல்லாம் புதுத் துணியோடு அந்த ஒன்றும் பையில் போகும், அதேபோலத் திரும்பி வரும். எந்த வீட்டில் இல்லை அது? வாயைத் திறக்காமலே அளவு சொல்லிவிடும் பொருள். எனக்கு ஏற்ற பொருள்.

ஆகஸ்ட் 22

தாளில் எனக்குப் பயமில்லை. பாதி உடம்பை மட்டும் வரைகிறோம். துணியை மடித்து வெட்டினால் மறுபாதி தானே வந்துவிடுகிறது. இடது கைக்கு எவ்வளவு கூட்டுவது என்பதைச் சாப்பாட்டு மேசைக்கு எதிர்ப்புறமிருந்து கண்ணால் கணித்தேன்.

பக்கத்து மேசை அஞ்சலிக்கு, நில வரைபடம் போன்ற என் கோடுகள் வேடிக்கை. "அங்கிள், உங்க கிட்ட வுட்டா சிட்லபாக்கம் ஏரிக்கே ஜாக்கெட் தெச்சுடுவீங்க போல." மற்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெகுநாளைக்குப் பிறகு.

செப்டம்பர் 19

முதல் ஜாக்கெட். வெள்ளைக் காடாத் துணி. அவள் கட்டிலில் வைத்துவிட்டு, எதுவும் சொல்லாமல் காய் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது மடித்து மேசைமேல் இருந்தது.

"கை போகல."

அவ்வளவுதான். யார் தைத்தது என்றோ எதற்கு என்றோ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அக்டோபர் 17

இரண்டாவது. இரண்டு கைகளையும் பெரிதாக்கினேன். இடது கை நுழைந்தது, ஆனால் வலது கையில் துணி தொங்கியது, கதவுக்கு இப்புறம் நின்றவனிடம் அவள் சொன்னதை வைத்து எழுதுகிறேன். இடப்பக்கம் முன்னால் துணி வெறுமனே சுருங்கியது என்றாள். அப்படி ஆகக் கூடாதென்றே உள்ளே பஞ்சு வைத்துத் தைத்திருந்தேன். மறைத்துவிடலாம் என்று.

அதைப் பிரித்துத் தனியே என் கையில் கொடுத்தாள். தனம் கேட்டதையேதான் நானும் செய்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

நவம்பர் 14

சத்யப்ரியா என் மூன்றாவது வரைவை வெகுநேரம் பார்த்தார்.

"இது யாரோட பாடி சார்?"

மனைவியுடையது என்றேன்.

"எப்ப அளந்தீங்க?"

அரக்கு ஜாக்கெட்டை நீட்டினேன். புரட்டிப் பார்த்தார். எவ்வளவு பழையது என்று கேட்டார். சொன்னேன்; ஆபரேஷனையும் சொல்ல வேண்டியதாயிற்று. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சார், நீங்க அளந்தது இந்த ஜாக்கெட்ட. மேடத்த இல்ல. இதுல ரெண்டு பக்கமும் ஒண்ணு. அவங்களுக்கு இப்ப அப்படி இல்லயே."

பழைய படத்தைப் பார்த்துப் புதுப் படம் போட்டவர்களை, நிலத்தில் இறங்கி அளந்துவிட்டு வாருங்கள் என்று எத்தனை முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

நவம்பர் 15

டேப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன். டீ போடட்டுமா என்று கேட்டேன்.

நவம்பர் 30

நாள் முழுக்க மழை. இன்றும் கேட்கவில்லை.

டிசம்பர் 12

மூன்றாவது ஜாக்கெட்டும் சரியில்லை.

டிசம்பர் 25

தனியாக ஆராதனைக்குப் போனேன். யூனிஸ் எங்கே என்று கேட்டவர்களிடமெல்லாம் காய்ச்சல் என்றேன். கிறிஸ்துமஸ் அன்று பொய். வீட்டுக்கு வந்தால் வாசல் கதவை ஒட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். என்ன பாட்டு பாடினார்கள் என்று மட்டும் கேட்டாள்.

2025 ஜனவரி 23

ஜெரூஷாவின் கல்யாணம்.

யூனிஸ் கடையில் வாங்கிய தொளதொள ஜாக்கெட்டின்மேல் பட்டுச்சேலையைக் கட்டி, அதன்மேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தாள். முன்வரிசைக்கு வரவில்லை. கடைசி பெஞ்சில், கதவோரம். அவளுக்கென்று விட்ட இடத்தில் என் தங்கை கைப்பையை வைத்துக்கொண்டாள். போட்டோக்காரர் "பொண்ணோட அம்மா எங்க, வாங்கம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஜெரூஷா கழுத்தைத் திருப்பித் தேடினாள். அதற்குள் யூனிஸ் காரில் போய் உட்கார்ந்துவிட்டாள். படத்தில் என் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் இருக்கும். நான் நகரவில்லை.

ஏன் கேக்கல? ஒரு வார்த்தை — அளவு எடுக்கட்டுமான்னு ஒரு வார்த்தை — அதக் கேக்கறதுக்கு என்ன? இத்தன வருஷம் குடும்பம் நடத்தி, கட்டின பொண்டாட்டிகிட்ட கேக்க வாய் வரல. என்ன மனுஷன் நான்.

ஜனவரி 27

வகுப்புக்குப் போகவில்லை. அஞ்சலி போன் செய்தாள். எடுக்கவில்லை.

பிப்ரவரி 6

டேப், கத்தரி, தாள்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கட்டினேன். எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று யூனிஸ் கேட்டாள். படிப்பை நிறுத்தப் போகிறேன், எனக்கு வரவில்லை என்றேன்.

"எதுக்குச் சேந்தீங்கன்னு எனக்குத் தெரியாதா? முத ஜாக்கெட்லயே தெரியும்" என்றாள். பிறகு, "ஒருநாளாவது டேப்ப எடுத்துட்டு எங்கிட்ட வருவீங்கன்னு பாத்தேன்."

"நீ காட்டமாட்டேன்னு..."

"நானா?"

கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

"ஆஸ்பத்திரில நர்ஸ் கட்டு மாத்தறப்ப நீங்க ஜன்னல் பக்கம் திரும்பிட்டீங்க. வீட்லயும் நான் துணி மாத்த ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போயிடுவீங்க. சரி, இவருக்குப் பாக்கப் பிடிக்கல போலன்னு, அப்பறம் நானே கதவச் சாத்திக்கிட்டேங்க."

அதை மரியாதை என்று நினைத்திருந்தேன். அவள் கூச்சப்படக் கூடாதே என்று. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேனா? ஜன்னலுக்கு வெளியே அன்று என்ன பார்த்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். எதுவும் நினைவில் இல்லை.

பிப்ரவரி 7

காலை. யூனிஸ் கூடத்து நாற்காலியில் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, நைட்டியைத் தானே இறக்கினாள். தழும்பு அக்குளிலிருந்து நடுநெஞ்சுவரை கோணலாக ஓடுகிறது. பார்த்தேன்.

"டேப்பு ஜில்லுனு இருக்குங்க" என்றாள். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துவிட்டு மறுபடி வைத்தேன். இடது கையைத் தொட்டால் வலிக்குமா என்று கேட்டேன். சாயங்காலம்தான் கனக்கும், அப்போதும் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள் என்றாள். இடம், வலம் என்று இரண்டு தாள்கள். ஒன்றுக்கொன்று எதிலும் ஒத்துப்போகவில்லை. இனி மடித்து வெட்ட முடியாது.

கல்யாணம் முடிந்துவிட்டது. அந்தப் படத்தில் இனி யாரையும் நிறுத்த முடியாது. இந்த ஜாக்கெட் சரியாக வந்தாலும் அவள் எங்கே போட்டுக்கொண்டு போவாள் என்று தெரியவில்லை, கேட்கவில்லை. முதல் நாள் பட்டியலில் ஐந்தாவதற்கு இன்னும் விடை இல்லை.

அதே பட்டியலில் மூன்றாவது தவறு. அவள் காட்டவில்லை என்று எழுதியிருந்தேன். நான் பார்க்கவில்லை.